வேத்தியலும் பொதுவியலும்: ஸ்கொத்திய ஆடலும் மலையகக் காமன் கூத்தும்

கூத்தின் வகைகளைப் பகுத்து ஆராய்ந்த பழந்தமிழ் உரையாசிரியர்கள் அதனை வேத்தியல் எனவும் பொதுவியல் எனவும் இருவகைப்படுத்தினர். வேந்தன் அவைக்கு உரியது வேத்தியல். ஏனைப் பொதுமக்களுக்கு உரியது பொதுவியல். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் இப்பாகுபாட்டினை எடுத்துக் கூறுகின்றார். காப்பியத்தினுள்ளேயே இவ்விரண்டிற்கும் சான்று உண்டு. அளவிட்டு அமைத்த அரங்கில், வகுத்த விதிகளின்படி, மன்னன் முன்னிலையில் மாதவி ஆடியது வேத்தியல். மதுரைப் புறத்து இடைச்சேரியிலே தீநிமித்தம் கண்டு அஞ்சிய ஆய்ச்சியரும், மலைச்சாரலிலே கண்ணகியின் தெய்வக் காட்சி கண்டு வியந்த குறவரும் கைகோத்து ஆடிய குரவைகள் பொதுவியலின் பாற்படுவன. முன்னதற்குக் காண்போர் இன்றியமையாதவர். பின்னதற்கு ஆடுவோரே போதும். அவர்தம் அச்சமும் வியப்புமே அவ்வாடலுக்குக் காரணமும் பயனும் ஆகும்.

இவ்விரு வகையிலும் அடங்காத மூன்றாவது ஒன்று இக்காலத்தே தோன்றியுள்ளது. அதுவே கலைவிழா அரங்கு. பொதுவியலாய்ப் பிறந்த ஆடல் ஒன்றை வேத்தியலுக்குரிய மேடையில் ஏற்றி, குறித்த நிமிடங்களுக்குள் ஆடச் செய்து, கைதட்டலோ பரிசோ அளித்து விடுப்பது அதன் இயல்பு. இவ்வரங்கு நாட்டார் கலைகளைக் காக்கின்றது என்பர் ஒரு சாரார். கொல்கின்றது என்பர் மற்றொரு சாரார். இருசாரார் கூற்றையும் அளந்தறிதற்கு இரண்டு ஆடல் மரபுகளை ஒருங்கு வைத்து நோக்குதல் பயன் தரும். ஒன்று ஸ்கொத்லாந்து நாட்டு மரபு ஆடல். மற்றொன்று இலங்கை மலையகத் தோட்டங்களில் வழங்கும் காமன் கூத்து. கடல் கடந்த நாட்டு ஆடலுக்கும் தோட்டத் தொழிலாளர் கூத்துக்கும் யாது தொடர்பு என வினவுதல் இயல்பே. அதற்கு விடை கொத்மலையின் மலைச்சரிவுகளிலேயே உள்ளது.

கொத்மலைப் பகுதியிலே பூண்டுலோயாவை அடுத்துள்ள ஒரு பெருந்தோட்டத்தின் பெயர் டன்சினேன். அது ஸ்கொத்லாந்தின் பேர்த் மாவட்டத்துக் குன்று ஒன்றின் பெயர். சேக்சுபியரின் மக்பெத் நாடகத்தால் உலகறிந்த பெயர். நோர்வூட்டை அண்டிய தோட்டம் ஒன்றிற்கு டன்கெல்ட் என்று பெயர். மஸ்கெலியாப் பகுதியில் அப்கொட்டை அடுத்துள்ள மற்றொன்றிற்கு ஸ்ட்ரத்ஸ்பே என்று பெயர். இவை தற்செயலாக வந்தன அல்ல. 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டு வணிகப் பயிராக நிலைநாட்டிய ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொத்தியர். தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரத்தவர். அக்காலத்துத் துரைமாருள் ஸ்கொத்தியர் பலர் இருந்தமையால், அவர்கள் பிரிந்து வந்த ஆறும் குன்றும் ஊரும் இம்மலைகளிற் பெயராய்ப் படிந்தன. இப்பெயர்களுள் இரண்டு ஆடற்கலையோடு நேரே தொடர்புடையன. ஸ்ட்ரத்ஸ்பே என்பது ஸ்பே ஆற்றின் பள்ளத்தாக்கினை மட்டுமன்றி, அவ்விடத்துப் பெயர் தாங்கிய நிதானமான ஒரு தாளக்கதியையும் அக்கதிக்குரிய ஆடலையும் குறிக்கும். டன்கெல்ட் என்பது, அக்கதியில் இசை யாத்துப் புகழ்பெற்ற பிடில் கலைஞர் நீல் கவ் (1727–1807) வாழ்ந்த சிற்றூரை அடுத்த நகரம். மலையகத் தொழிலாளி நாடோறும் உச்சரிக்கும் தோட்டப் பெயரினுள் ஓர் ஆடலின் பெயர் ஒளிந்துள்ளது.

எனினும் இவ்விரு மக்கட் கூட்டத்தாரின் ஆடல்களும் ஒரே மலையில் இருந்தும் ஒன்றையொன்று கண்டில. துரைமாரின் கழகங்களில் தொழிலாளர்க்கு இடமில்லை. லயத்து முற்றத்துக் கூத்தோ துரைமார்க்கு இரவிற் கேட்கும் தொலைதூர முழக்கம் மட்டுமே. வரலாறு இணைக்காத இவ்விரண்டினையும் ஒப்புநோக்கு இணைக்கும்போது, இரண்டும் வியக்கத்தக்க வகையில் ஒரே வினாவினை எழுப்புகின்றன.

ஸ்கொத்திய ஆடல் என ஒரு பெயராற் சுட்டப்படுவது உண்மையில் ஒன்றன்று. அதனுள் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. முதலாவது, ஹைலண்ட் எனப்படும் மேட்டுநிலத்தின் பெயரால் வழங்கும் தனியாடல். இதனை ஒருவர் தனித்து, நின்ற இடத்தை விட்டுப் பெரிதும் அகலாது, முன்பாதத்தில் எழும்பி, கையை மான்கொம்பு போல் உயர்த்தி ஆடுவர். ஹைலண்ட் ஃபிளிங், தரையிற் குறுக்காக இட்ட இரு வாள்களின் இடைவெளியிற் பாதம் பெயர்க்கும் வாளாடல், ஷான் ட்ரூஸ் முதலியன இவ்வகையின. இரண்டாவது, பலர் கூடி ஆடும் நாட்டுப்புறக் கூட்டாடல். ஆணும் பெண்ணும் இணையிணையாக எதிரெதிர் வரிசையில் நின்றோ, வட்டமிட்டோ, இடம் மாறியும் கைகோத்துச் சுழன்றும் ஆடுவது இது. ரீல், ஜிக் என்னும் விரைந்த கதிகளும் ஸ்ட்ரத்ஸ்பே என்னும் நிதானக் கதியும் இதற்குரியன. தனியாடல் காண்போர்க்கு முகம் காட்டும். கூட்டாடல் ஆடுவோர் ஒருவர்க்கொருவர் முகம் காட்டும். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் இவ்வாய்வின் முடிபு முழுவதும் இதனையே பற்றி நிற்கின்றது.

இன்று உலகெங்கும் விழாக்களிற் காணப்படும் ஸ்கொத்திய ஆடலின் தோற்றம் மிகப் பழையது எனப் பலர் கருதுவர். வரலாறு அவ்வளவு எளிதன்று. 1746இல் கலோடன் போரில் மேட்டுநிலப் படை முறியடிக்கப்பட்ட பின்னர், அம்மக்களின் மரபுடையை ஆண்கள் அணிதல் சட்டத்தாற் தடுக்கப்பட்டது. அத்தடை 1782இலேயே நீங்கிற்று. நீங்கிய பின்னர் அவ்வுடை மீண்டது உழவனின் குடிலில் அன்று; படைப்பிரிவிலும் பிரபுக்களின் மாளிகையிலுமே சிறப்புற்றது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளியபோது, நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்கொட் அவ்வரவேற்பினை மேட்டுநில உடைக்கோலத்தின் பெருவிழாவாக அமைத்தார். 1848இல் விக்டோரியா அரசியார் பிறேமார் விளையாட்டு விழாவுக்கு வருகை தந்தார். அதன்பின் அரச குடும்பத்தின் ஆதரவு அவ்விழாவுக்கு நிலைபெற்றது. இவ்வாறு பொதுவியல், வேந்தன் கண் பட்டு வேத்தியலாயிற்று. அதே நூற்றாண்டிலேதான் மேட்டுநிலத்துக் குடியானவர்கள் செம்மறி மேய்ச்சலுக்காகத் தம் நிலங்களினின்றும் அகற்றப்பட்டுக் கடல் கடந்தனர். ஆடலின் உடை மாளிகை ஏறிய காலத்தே ஆடியவர் கப்பல் ஏறினர் என்பது இவ்வரலாற்றின் முரண்.

1983இல் வெளிவந்த ‘மரபைப் புனைதல்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கிலத் தொகுப்பில், வரலாற்றறிஞர் ட்ரெவர்-ரோப்பர் மேட்டுநில மரபின் பெரும்பகுதி பிற்காலத்துப் புனைவே என வாதிட்டார். அவர் கூற்றில் உடையைப் பற்றியவரை வலுவுண்டு. ஆயின் அதனை ஆடலுக்கும் அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. உடை தைப்பவன் கையில் உள்ளது. அடவு ஆடுபவன் உடலில் உள்ளது. தையற்காரன் ஒரு திங்களிற் புது மரபினை உண்டாக்கலாம். தலைமுறைகள் தாளத்திற்குப் பழகிய பாதங்களை அவ்வாறு உண்டாக்க இயலாது. ஆகவே ஒரு மரபின் மெய்ம்மையை வினவுவோர் முதலில் அதன் உடையை விடுத்துப் பாதத்தினை நோக்குதல் வேண்டும்.

விளையாட்டு விழாக்களிற் போட்டியாக வளர்ந்த தனியாடலுக்கு 1950இல் ஒரு தலைமைச் சபை அமைந்தது. அடவுகளின் பெயர், பாதத்தின் நிலை, கையின் உயரம் ஆகியன வரையறுக்கப்பட்டன. இதனால் விளைந்த நன்மை வெளிப்படை. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பயிலும் சிறுமி ஒருத்தி, ஸ்கொத்லாந்தின் டனூன் நகரில் நடைபெறும் உலகப் போட்டியில் உள்ளூர்ச் சிறுமியோடு ஒத்த விதியின்கீழ் நின்று ஆடலாம். முன்னாளில் ஆடவர்க்கே உரியதாயிருந்த இவ்வாடலில் இன்று பெரும்பாலோர் பெண்களே என்பதும் கருதத்தக்கது. இழப்பும் உண்டு. ஊருக்கு ஊர், ஆசானுக்கு ஆசான் வேறுபட்ட அடவுகள் ஒதுங்கின. ஷான் ட்ரூஸ் என்பதற்குப் ‘பழைய காற்சட்டை’ என்பது பொருள். தடைச் சட்டத்தால் திணிக்கப்பட்ட காற்சட்டையை உதறியெறியும் குறிப்பே அவ்வாடலின் காலசைவு என்பர். இக்கதை உண்மையோ பின்னர்ச் சேர்ந்ததோ, போட்டி மேடையில் அது நடுவர் மதிப்பிடும் பொருளன்று. அங்கு மதிப்பிடப்படுவன தாளமும் நுட்பமும் தோற்றமுமே. சினத்தின் குறிப்பு விளக்கவுரையாகச் சுருங்கிற்று. காலசைவு மட்டும் எஞ்சிற்று.

கூட்டாடலின் வரலாறு வேறு வழியிற் சென்றது. முதல் உலகப் போருக்குப்பின் அது மறைந்துவிடுமோ என அஞ்சிய இருவர், உடற்பயிற்சிக் கல்வி ஆசிரியை ஜீன் மில்லிகனும் இசபெல் ஸ்டுவர்ட் அம்மையாரும், 1923இல் கிளாஸ்கோவில் ஸ்கொத்திய நாட்டாடற் சங்கத்தினை நிறுவினர். பழைய ஏடுகளினின்றும் முதியோர் நினைவினின்றும் ஆடல்களைத் தொகுத்து அச்சிட்டனர், ஆசிரியர்களைப் பயிற்றினர். 1951இல் அச்சங்கம் அரச பட்டமும் பெற்றது. இச்செயல் தமிழ் வாசகர்க்குப் பிறிதொன்றை நினைவூட்டாமற் போகாது. 1930களில் சென்னையிலே சதிர் என வழங்கிய ஆடல் பரதநாட்டியம் என்னும் பெயருடன் புது மேடை ஏறிற்று. 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றிற்று. இரண்டிடத்தும் கற்றறிந்த மகளிர் ஒரு மரபினை அழிவினின்றும் மீட்டனர். இரண்டிடத்தும் மீட்டோர், மீட்ட பொருளைத் தம் சுவைக்கேற்பத் தூய்மையும் செய்தனர். மில்லிகனின் பள்ளியில் குடியானவனின் முரட்டு அடி மெல்லடியாயிற்று. பாதம் நீட்டி விரல் நுனி கூர்மையாயிற்று. ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சதிரை ஆடிய தேவரடியார் மரபினர் புதுமேடையினின்றும் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். ஸ்கொத்லாந்தின் கூட்டாடலோ எவரையும் விலக்காது பள்ளிச் சிறுவர் அனைவர்க்கும் பயிற்றப்பட்டது. காண்போரை உண்டாக்குவதினும் ஆடுவோரை உண்டாக்குவதே அச்சங்கத்தின் நோக்கமாயிருந்தது.

ஆதலின் சங்கத்தின் விதிநூலுக்குப் புறம்பேயும் அவ்வாடல் வாழ்ந்தது. கேய்லி என்னும் கேலிக் மொழிச்சொல் ஒருவர் இல்லத்துக்குச் சென்று கூடியிருத்தலைக் குறிக்கும். கதையும் பாட்டும் நிறைந்த அவ்வில்லக் கூட்டம் நாளடைவில் ஆடற்கூட்டமாக விரிந்தது. திருமணத்திலும் புத்தாண்டிலும், ஊர் மண்டபத்தில் அக்கோடியன் முழங்க, பாட்டனும் பேத்தியும் ஒரே வரிசையில் நின்று ஆடுவர். அடி தவறினால் அருகில் நிற்பவர் கைபிடித்துத் திருப்பி விடுவாரேயன்றி நடுவர் எவரும் மதிப்பெண் குறைப்பதில்லை. இவ்வாடலின் உயிராற்றலுக்கு ஒரு சான்று போதும். 1940இல் பிரான்சு நாட்டுச் சென் வலெரியில் 51ஆம் ஹைலண்ட் படைப்பிரிவு சரணடைந்தது. ஜெர்மனியரின் சிறை முகாமிலே, அப்படைப்பிரிவின் அதிகாரிகள் சிலர் ஒரு புதிய ரீலினை அமைத்தனர். ஆடுவோர் அணி சேருங்கால் ஸ்கொத்லாந்தின் காவற்புனிதர் அந்திரேயரின் குறுக்குச் சிலுவை வடிவு தோன்றுமாறு அது அமைந்தது. பார்வையாளர் இன்றி, அலங்கார உடை இன்றி, சிறைப்பட்டோர் தமக்குத் தாமே ஆடிய ஆடல் அது. பொதுவியலின் இலக்கணம் இதனினும் தெளிவாக விளங்குதல் அரிது.

இன்னொரு சான்று கடலுக்கு அப்பால் உள்ளது. நிலம் இழந்து கனடாவின் கேப் பிரெட்டன் தீவிற் குடியேறிய மேட்டுநில மக்கள், தரையோடொட்டிப் பாதத்தால் தாளம் எழுப்பும் அடவாடலைத் தம் சமையலறைத் தரையிலே பேணினர். தாயகத்தில் அது பெரிதும் அருகிற்று. 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஸ்கொத்லாந்தில் அதனை மீளக் கற்பிக்க முற்பட்டபோது, கேப் பிரெட்டன் கலைஞரே ஆசான்களாய் வந்தனர். அகற்றப்பட்டவர் கொண்டுசென்ற கலை, அகற்றிய நாட்டுக்கே மீண்டது.

இவ்விடத்தே மலையகத்தை நோக்குதல் பொருந்தும். 1823 முதலாகக் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்த தமிழ் மக்கள், திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை முதலிய மாவட்டங்களின் வறண்ட ஊர்களினின்றும் புறப்பட்டோர் ஆவர். அவர்கள் கொண்டுவந்த பொருள்கள் சில. கொண்டுவந்த கலைகள் பல. பொன்னர் சங்கர் கூத்து, அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் அவற்றுள் தலையாயவை. காமன் பண்டிகை தமிழகத்திலும் உண்டு. தஞ்சைப் பகுதியில் காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மற்றொரு கட்சியும் லாவணி பாடி வாதிடும் வழக்கம் பெயர்பெற்றது. ஆயின் ஒரு தோட்டத்து மக்கள் அனைவரையும் ஈர்த்துப் பல நாள் தொடரும் கூட்டுவிழாவாக அது மலையகத்தில் அடைந்த ஏற்றம் தனித்தன்மை உடையது. பெயர்ந்து சென்றோர் கையிற் கலை செறிவுறும் என்பதற்குக் கேப் பிரெட்டனைப் போன்று கொத்மலையும் சான்றாகின்றது.

மாசித் திங்கள் அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றப்படும். கரும்பும் ஆமணக்கும் வைக்கோற்புரியும் சேர்த்து நாட்டப்பெறும் அக்கம்பமே விழாவின் நடுநாயகம். அன்று தொடங்கி இரதி, மதன் வேடத்தார் லயந்தோறும் சென்று ஆடுவர். இரதியாக ஆடுவோரும் ஆடவரே. முழுமதியை ஒட்டிய இரவிலே இந்திரன், தூதன், சிவன், வீரபத்திரன் முதலிய பாத்திரங்கள் ஒவ்வொன்றாய்க் களத்துக்கு வர, விடியுமட்டும் கூத்து நடைபெறும், காமன் எரிக்கப்படுவான், பின்னர் உயிர்த்தெழுவான். கதை கச்சியப்பரின் கந்தபுராணத்துக் காமதகனப் படலத்திலே கற்றோர் அறிந்தது. இரதியின் புலம்பலைக் காளிதாசனும் குமாரசம்பவத்தில் ஒரு சருக்கமாகவே பாடினான்.

ஆனால் அதே கதை தோட்டத்துக் களத்திலே வேறு பொருள் கொள்கின்றது. சிவனின் தவத்தைக் கலைத்தல் மதனின் விருப்பமன்று. அது தேவர்களின் தேவை, இந்திரனின் கட்டளை. தூதன் ஓலையுடன் வருகின்றான். இரதி போகாதே எனத் தடுக்கின்றாள். மதனோ ஏவலை மறுக்க மாட்டாது செல்கின்றான். ஏவியவர் விண்ணுலகில் இருக்க, ஏவப்பட்டவன் எரிகின்றான். எஞ்சிய இரதி கடவுளையே வழக்குக்கு அழைக்கின்றாள். பிறர் தேவைக்காக, பிறர் கட்டளையின்பேரில், மனைமக்கள் அழுது தடுக்கவும் மலையேறி வந்து மடிந்தோரின் வழித்தோன்றல்கள் அக்களத்தைச் சூழ்ந்திருப்போர். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கையால் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனக் கணக்கிட்டுப் பங்கிடப்பட்டோர் அவர்கள். கணவன் பிரிந்த இரதியின் கேள்வி அம்மக்கள் செவியிற் புராணமாக மட்டும் ஒலித்திருக்க முடியாது.

இக்கூத்தினை நடத்துவது தப்பு என்னும் பறை. தப்பின் வரலாறு ஸ்கொத்திய ஊதுபைக் குழலின் வரலாற்றோடு ஒத்து நோக்கத்தக்கது. ஊதுபைக் குழல் மேட்டுநிலத்தான் மகிழ்ந்து ஆடிய கருவி. பிரித்தானியப் படையிலே அவனை அணிவகுத்துப் போருக்கு நடத்திய கருவியும் அதுவே. தப்பும் அத்தகையதே. விடியற்காலையிற் பனிக்குளிரிலே தொழிலாளரை உறக்கத்தினின்றும் எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது பெரட்டுத் தப்பு; மாசித் திங்களில் அவர்களை இரவு முழுதும் உறங்காது ஆட வைத்ததும் தப்பு. வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கிய சி. வி. வேலுப்பிள்ளை, 1954இல் வெளியிட்ட தம் ஆங்கிலக் கவிதை நூலினை அவ்வைகறை முழக்கத்துடனேயே தொடங்கியமை பொருள் பொதிந்தது. கட்டளைக்குரிய கருவியைக் களிப்புக்குரியதாக மாற்றிக் கொள்ளுதல் அடக்கப்பட்டோர் அனைவரும் செய்யும் அமைதியான மறுப்பு எனலாம்.

இனி, விழா மேடைக்கு வருவோம். மலையகப் பண்பாட்டு விழாக்களிலும், 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு நினைவுகூரப்பட்டபோதும், காமன் கூத்து உரிய மதிப்புடன் முன்வைக்கப்பட்டது. ஒரு காலத்திலே தோட்டத்துக்கு வெளியே இழிவாகக் கருதப்பட்ட கலை, அரங்கேறிப் பாராட்டுப் பெறுதல் மகிழ்தற்குரியது. ஆயின் பல இரவுக்குரிய கூத்து இருபது நிமிடத்துக்குச் சுருங்கும்போது எது எஞ்சுகின்றது, எது உதிர்கின்றது என்பதே திறனாய்வின் வினா. எஞ்சுவது பெரும்பாலும் இரதியும் மதனும் எதிரெதிர் நின்று ஆடும் ஒளிமிக்க இணையாட்டம். உதிர்வன தூதன் ஓலை, இரதியின் தடை, எரிப்பு, புலம்பல் ஆகியன. மண்டபத்துள் தீ மூட்டவும் இயலாது. நெடும் புலம்பலுக்கு நேரமும் இல்லை. விளைவாக, ஏவலால் எரிந்தவனின் துயரக்கூத்து காதலர் இருவரின் களியாட்டமாகி விடுகின்றது. ஷான் ட்ரூஸ் தன் சினத்தை இழந்து காலசைவாக எஞ்சியது போன்றதே இதுவும். அதனினும் இவ்விழப்பு பெரிது. ஏனெனில் அங்கே உதிர்ந்தது ஒரு கதை, இங்கே உதிர்வது ஒரு மக்களின் வழக்குரை.

களத்தின் வடிவமும் கருதற்குரியது. தோட்டத்துக் கூத்து நாற்புறமும் மக்கள் சூழ நிகழ்வது; லயந்தோறும் தானே நடந்து செல்வது. ஸ்கொத்தியக் கூட்டாடல் ஆடுவோர் ஒருவரையொருவர் நோக்க நிகழ்வது. இரண்டினையும் மூன்று பக்கம் அடைத்த மேடையில் ஏற்றினால் ஆடுவோரின் முதுகே அவையோர்க்குத் தோன்றும். ஆகவே அமைப்பாளர் அனைவரையும் ஒரு பக்கம் திருப்பி நிறுத்துகின்றனர். அக்கணமே ஆடுவோர்க்கிடையிலான உறவு அறுபட்டு, ஆடுவோர்க்கும் காண்போர்க்குமான உறவு தொடங்குகின்றது. பொதுவியல் வேத்தியலாவது உடையாலன்று, விதியாலுமன்று, முகம் திரும்புவதாலேயாம்.

இதனாற் சுருக்கமும் மேடையும் தம்மளவில் குற்றம் என்பது பெறப்படாது. இதற்குத் தக்க சான்று பேராதனையிலேயே உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு மரபுக் கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) ஆகியன அவ்வழி வந்தவை. விடியுமட்டும் ஆடும் கூத்து மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது; வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. வட்டத்தை இழந்தமை இழப்பே என்று பின்வந்தோர் கூறியதிலும் உண்மை உண்டு. ஆயினும் இராவணேசன் வெற்றி பெற்றது. அதற்குக் காரணம் வெளிப்படை. சுருக்கியவர் ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொருளை விடவில்லை. இராவணன் என்னும் பாத்திரத்தின் உள்ளப் போராட்டத்தினை முன்னிலும் ஆழமாக்கினார். அத்துடன் மட்டக்களப்புக் கிராமங்களிலே முழுக்கூத்தும் தொடர்ந்து ஆடப்பட்டு வந்தது. மேடைக் கூத்துக்கு வேர் வற்றவில்லை.

இவ்விரண்டுமே அளவுகோல்கள் எனக் கொள்ளலாம். முதலாவது, மேடையேறும் சுருக்கம் அக்கலையின் நடுப்பொருளைக் காத்துள்ளதா என்பது. காமன் கூத்தினை இருபது நிமிடத்தில் ஆடவேண்டுமெனில் இணையாட்டத்தைக் குறைத்து இரதியின் தடையையும் புலம்பலையும் வைத்தல் வேண்டும். தீயை மூட்ட இயலாவிடினும் தீயினாற் பட்டவளின் குரலை ஒலிப்பிக்க இயலும். தப்புக்குப் பதிலாகப் பதிவிசையைக் கொள்ளுதலும் தவிர்க்கப்படல் வேண்டும். ஹைலண்ட் ஆடற் போட்டிகளிற் குழலூதுவோர் நேரில் நின்று ஊத ஆடுதல் இன்றளவும் மரபு. சாதி இழிவு கற்பிக்கப்பட்ட காரணத்தால் தப்பினைத் தொட மறுக்கும் இளைஞரின் தன்மானம் மதிக்கத்தக்கதே. அவ்விழிவினைப் போக்கும் வழி, தப்பினை ஒரு குலத்தின் கடமையினின்றும் விடுவித்துப் பயில விரும்பும் அனைவர்க்கும் உரிய கலையாக்குதலே.

இரண்டாவது அளவுகோல், விழா முடிந்து திரும்பிய பின்னர் அக்கலைக்கு ஆடுகளம் உண்டா என்பது. ஸ்கொத்திய ஆடல் இன்றும் உயிருடன் உள்ளமைக்குப் போட்டி மேடையின் பதக்கங்கள் மட்டும் காரணமல்ல. திருமண மண்டபத்திலே அடி தவறியும் ஆடும் பொதுமக்களே முதற்காரணம். மலையகத்திலோ நிலை கடினமானது. நாட்கூலிக்கு உழைப்போர் பல இரவுகள் கண்விழித்தல் எளிதன்று. இளைஞர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் தொழில் தேடிச் செல்கின்றனர். இரதியின் பாடல்களை முழுதும் அறிந்த ஆசான்மார் முதுமையுறுகின்றனர். விழா மேடையே கூத்துக்கு எஞ்சிய ஒரே புகலிடம் என்று சிலர் கூறுவதற்கு இதுவே காரணம். அக்கூற்று நோயைச் சரியாகக் கண்டு மருந்தினைத் தவறாகக் கூறுவது. மேடை கலைஞனைப் பாராட்டும். புதிய கலைஞனைப் பிறப்பிக்காது. மில்லிகன் செய்தது பாடசாலைதோறும் ஆசிரியரைப் பயிற்றியது. கொத்மலைப் பாடசாலைகளில் மாசித் திங்கள்தோறும் ஆசான் ஒருவர் அமர்ந்து பாடலும் அடவும் பயிற்றுவாராயின், அச்சிறுவர் தத்தம் தோட்டத்துக் களத்திற்கே அவற்றைக் கொண்டு செல்வர். ஆண்களே இரதியாகும் மரபின் அருகிற் பெண்களும் இரதியாக வருதல் கூடும். ஸ்கொத்திய வாளாடல் பெண்டிர் கைக்குச் சென்றதனால் அழிந்துவிடவில்லை.

வேத்தியல் இழிந்தது என்றோ பொதுவியல் மட்டுமே உயர்ந்தது என்றோ பழைய உரையாசிரியர் கூறவில்லை. இரண்டும் ஒரு நாட்டிற்கு வேண்டும் என்றே சிலப்பதிகாரம் மாதவியையும் குரவையாடுவோரையும் ஒரு காப்பியத்துள் அமைத்தது. மாதவியின் அரங்கினைக் கண்டு வியந்த காப்பியம், துயரம் சூழ்ந்த வேளையில் குரவையை நாடிச் சென்றது. மக்கள் தம் அச்சத்தையும் வழக்கினையும் கூறவேண்டிய வேளையிலே அரங்கு அவர்க்கு உதவுவதில்லை, களமே உதவுகின்றது. டன்சினேன், டன்கெல்ட், ஸ்ட்ரத்ஸ்பே எனப் பெயர் சூட்டிச் சென்றோரின் ஆடல், தன் களத்தினை ஊர் மண்டபத்திலே காத்துக்கொண்டது. அப்பெயர்களைச் சுமந்த மலைகளில் வியர்வை சிந்தியோரின் கூத்தும் தன் களத்தைக் காத்துக்கொள்ளுமா என்பது விழா அமைப்பாளர் கையில் மட்டும் இல்லை. மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்ற எத்தனை கைகள் முன்வருகின்றன என்பதிலேயே அது தங்கியுள்ளது.